தெர்மோஸ்டாட் கவரில் இரண்டு எம்6 போல்ட்: தலை மழுங்கிய ஒன்று, உள்ளே முறிந்த ஒன்று

1.2 லிட்டர், நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார். எஞ்சின் கொதிக்கிறது, ரேடியேட்டரோ கை வைத்தால் பொறுக்கும் சூட்டில்தான் இருக்கிறது. ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரைத் திறந்து மூடும் வால்வான தெர்மோஸ்டாட், திறக்காமல் மூடியபடியே நிற்கிறது என்று சந்தேகிக்க இது போதும். தண்ணீரை வடித்து, ஹோஸைக் கழற்றி, அலுமினிய சிலிண்டர் ஹெட்டின் (எஞ்சின் பிளாக்கின் மேல் பகுதி) ஓரத்தில் இருக்கும் கவரின் இரண்டு எம்6 (6 மி.மீ. விட்டமுள்ள) போல்ட்டை எடுத்து, புது தெர்மோஸ்டாட்டை வைத்து மூட வேண்டும். சாதாரணமாக ஒரு மணி நேரம்கூட ஆகாத வேலை.

இந்த வண்டியில் அந்த இரண்டு போல்ட்டுமே வேலையாகிவிட்டன. இடது போல்ட்டின் தலை ஏற்கெனவே மழுங்கியிருந்தது. ஆறு மூலைகளும் உருண்டு, புதிதாகச் சறுக்கிய தடம் பளபளத்தது; வேறெங்கோ ஸ்பானர் போட்டு முயன்று பார்த்து விட்டிருக்கிறார்கள். வலது போல்ட்டின் தலை நன்றாகவே இருந்தது. கவரும் ஹெட்டும் சேரும் கோட்டில் சுற்றிலும் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. வடித்த தண்ணீரில் கூலன்ட் நிறமே இல்லை, அடியில் செம்பழுப்பு வண்டல். நெடுநாள் வெறும் போர் தண்ணீரில் ஓடிய எஞ்சின்.

இந்த ஆய்வு முழுக்கக் கழற்றும் வரிசையைப் பற்றியது. மழுங்கிய போல்ட்டை எடுக்க எத்தனையோ வழிகள் உண்டு, பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒவ்வொரு முயற்சியும் போல்ட்டிலிருந்து கொஞ்சம் இரும்பைத் தின்றுவிடும், அடுத்த முயற்சிக்குப் பிடிமானம் அந்த அளவுக்குக் குறையும். போல்ட்டைக் கெடுக்காத வழி முதலில், கெடுக்கும் வழி பிறகு, ஹெட்டைத் தொடும் வழி கடைசியில். அவசரத்தில் இந்த வரிசையை மாற்றியவர்கள்தான் ஹெட்டையே கழற்ற வேண்டிய நிலைக்கு வந்து நிற்கிறார்கள்.

எதனால் பிடித்தது

கை வைக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி இது. இரும்பு போல்ட் இரும்பு பிளாக்கில் பிடித்தால் காரணம் துரு. இரும்பு போல்ட் அலுமினியத்தில் பிடித்தால் பெரும்பாலும் காரணம் துரு அல்ல, அலுமினியம் அரித்து உண்டாகும் வெள்ளை உப்பு. இரண்டு உலோகங்களும் உப்புத் தண்ணீரில் சேர்ந்து நனைந்தால், மின்வேதியியல் முறையில் அலுமினியம்தான் கரையும். அப்படி உண்டாகும் ஆக்சைடும் ஹைட்ராக்சைடும் மூல உலோகத்தைவிட அதிக இடம் பிடிக்கும். மரைக்கும் மரைக்கும் நடுவே இருந்த நூலளவு இடைவெளியில் அது திணிந்து இறுகிவிடும். குளோரைடு அதிகமுள்ள கடலோர நிலத்தடி நீரில் இது இன்னும் வேகமாக நடக்கும்.

இதில் தெரிந்துகொள்ள வேண்டியது இரண்டு. ஒன்று, துரு நீக்கும் ஸ்ப்ரே இந்த வெள்ளை உப்பைக் கரைக்காது. எண்ணெயாக ஊறி வழுக்க மட்டும் செய்யும். ஆகவே ஸ்ப்ரேயை மட்டும் நம்பி இரவு முழுக்க ஊறவைத்தாலும், துருப்பிடித்த போல்ட்டில் கிடைக்கும் பலன் இங்கே கிடைக்காது. இரண்டு, போல்ட் பிடித்திருப்பது மரையில் மட்டும் இல்லை. கவரின் துளையில் போல்ட்டின் உடல் போகும் இடத்திலும் அதே உப்பு அடைத்திருக்கும். தலையைத் திருப்பும்போது கவர், மரை என்று இரண்டு இடத்தின் பிடியையும் சேர்த்து உடைக்க வேண்டியிருக்கிறது. எம்6 போல்ட்டுக்கு அந்தத் தெம்பு கிடையாது.

கணக்குப் பார்க்கலாம். 8.8 தர (எஃகின் வலிமையைச் சொல்லும் குறியீடு) எம்6 போல்ட்டை இறுக்குவது சுமார் 10 நியூட்டன் மீட்டரில். அதே போல்ட்டின் குறைந்தபட்ச முறிவு அளவு சுமார் 13 நியூட்டன் மீட்டர். கால் மீட்டர் நீளமுள்ள ராச்செட் கைப்பிடியின் நுனியில் ஐந்தரை கிலோ அளவுக்கு இழுத்தாலே 13 வந்துவிடும். அரை இஞ்ச் ராச்செட்டைக் கையில் பிடித்தவருக்கு அந்த இழுப்பு தெரியவே தெரியாது. ஆகவே எம்6 போல்ட்டுக்குக் கால் இஞ்ச் ராச்செட்தான், அதிகம் போனால் குட்டைக் கைப்பிடியுள்ள 3/8 இஞ்ச் ராச்செட். முள் காட்டும் பீம் வகை டார்க் ரென்ச் இருந்தால் இன்னும் நல்லது. கிளிக் வகை போலல்லாமல் அது கழற்றும் திசையிலும் அளவு காட்டும். 12-ஐத் தாண்டியும் போல்ட் அசையவில்லை என்றால் நிறுத்திவிட்டு வேறு வழிக்குப் போக வேண்டும்.

தலை ஏன் மழுங்குகிறது

இந்தத் தலை 10 மி.மீ. அதன் மூலைகள் உருளக் காரணம் பெரும்பாலும் பன்னிரண்டு முனை பாக்ஸ் (தலையை மூடிப் பிடிக்கும் சாக்கெட்) அல்லது வாய் விரிந்த ஓபன் ஸ்பானர். பன்னிரண்டு முனை பாக்ஸ் போல்ட்டின் மூலையை ஒட்டித்தான் தள்ளும். ஆறு முனை பாக்ஸோ மூலையிலிருந்து சற்றுத் தள்ளி, தட்டையான பக்கத்தில் தள்ளும். இறுகிய போல்ட்டுக்கு ஆறு முனை தவிர வேறு எதையும் போடக் கூடாது.

அளவுக் குழப்பம் இன்னொரு காரணம். ஜப்பானிய வகை வண்டிகளில் எம்8 போல்ட்டின் தலை பெரும்பாலும் 12 மி.மீ., ஐரோப்பிய வகையில் 13 மி.மீ. பழைய டூல் பெட்டியில் கிடக்கும் அரை இஞ்ச் ஸ்பானர் 12.7 மி.மீ.; 12 மி.மீ. தலையில் அது தாராளமாக நுழையும், நுழைந்து மூலையை உருட்டும். தலையின் மேல் மண்ணும் பெயின்ட்டும் ஒட்டியிருந்தால் பாக்ஸ் முழு ஆழத்துக்கு இறங்காமல் மேல் விளிம்பை மட்டும் கவ்வும். கம்பி பிரஷால் தலையைச் சுத்தம் செய்ய ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தைச் செலவிட்டிருந்தால் பல போல்ட்டுகள் பிழைத்திருக்கும்.

இடது போல்ட்: மழுங்கிய தலையோடு

சூடுதான் இங்கே முதல் ஆயுதம். அலுமினியம் ஒரு டிகிரிக்கு, ஒரு மீட்டர் நீளத்தில், சுமார் 23 மைக்ரான் விரியும். இரும்பு சுமார் 12. போல்ட்டும் ஹெட்டும் சேர்ந்து 100 டிகிரி ஏறினால், 6 மி.மீ. துளை போல்ட்டைவிட ஆறு ஏழு மைக்ரான் கூடுதலாகப் பெரிதாகும். பார்க்க அற்பமான அளவுதான். ஆனால் உப்புத் திணிப்பை விரிசல் விட வைக்க அது போதும். சூடு ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த விரிசல் வளரும். அதனால் ஒரே தடவை மிகுந்த சூடு காட்டுவதைவிட, 120 முதல் 150 டிகிரிக்கு ஏற்றி ஆறவிடுவதை இரண்டு மூன்று முறை செய்வது மேல்.

சூடு காட்ட வேண்டியது போல்ட்டின் தலைக்கு அல்ல, அதைச் சுற்றியுள்ள அலுமினியத்துக்கு. ஹாட் ஏர் கன் போதும். கேஸ் டார்ச் பிடித்தால் அலுமினியம் சிவக்காது, எந்த எச்சரிக்கையும் தராமல் திடீரென்று குழைந்து இறங்கிவிடும். 200 டிகிரியைத் தாண்டி வெகுநேரம் வைத்தாலே வார்ப்பின் கடினம் குறையத் தொடங்கும். இன்ஃப்ராரெட் வெப்பமானியால் அளந்தால் பளபளப்பான அலுமினியம் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். அந்த இடத்தில் கறுப்பு மார்க்கரால் ஒரு பொட்டு வைத்து அங்கே அளக்க வேண்டும். பக்கத்திலுள்ள டெம்பரேச்சர் சென்சார், வயர் சாக்கெட், பிளாஸ்டிக் இன்டேக் ஆகியவற்றை ஈரத் துணியால் மூட வேண்டும். துரு ஸ்ப்ரே, பிரேக் கிளீனர், அசிட்டோன் கலந்த எண்ணெய் எதுவும் சூடான எஞ்சினின் அருகில் வரக் கூடாது. ஊறவைப்பது குளிர்ந்த நிலையில். சூடு காட்டுவது அதைத் துடைத்து உலர்த்திய பிறகு.

சூடான போல்ட்டின் அடியில் சாதாரண மெழுகுவத்தியை வைத்தால் மெழுகு உருகி மரைக்குள் இழுபடும். கேட்க எளிமையாக இருக்கிறது, ஆனால் அலுமினியத்தில் பிடித்த சிறு போல்ட்டுகளில் இது விலை உயர்ந்த ஸ்ப்ரேக்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை.

தலையைப் பிடிக்க எடுத்தது 3/8 இஞ்ச் அளவுள்ள ஆறு முனை இம்பேக்ட் பாக்ஸ். 3/8 இஞ்ச் என்பது 9.525 மி.மீ.; மழுங்கிய 10 மி.மீ. தலையில் கையால் நுழையாது, சுத்தியால் அடித்தால் இறுகி ஏறும். ஏறும்போது புது மூலைகளைத் தானே வெட்டிக்கொள்ளும். 12 மி.மீ. தலைக்கு 11 அல்லது 7/16 இஞ்ச், 13-க்கு 12 அல்லது அரை இஞ்ச் என்று இதே போல ஒரு படி சிறிய பாக்ஸ் பொருந்தும். உள்ளே எதிர்த் திருகு பற்களுள்ள எக்ஸ்ட்ராக்டர் பாக்ஸ் இருந்தால் அதுவும் நல்லதே. கண்ணாடி போடாமல் இதை அடிக்கக் கூடாது. கடினப்படுத்திய எஃகு சில்லாகத் தெறிக்கும்.

சுத்தியால் அடிப்பதிலேயே பாதி வேலை நடக்கிறது. அந்த அதிர்ச்சி மரையில் இறுகிய உப்பைப் பொடிக்கிறது. பூட்டிக்கொண்டு கவ்வும் கொறடான வைஸ் கிரிப்பைக் கடைசி வழியாக வைக்கக் காரணமும் இதுதான். அது போல்ட்டை அதிர வைக்காது, மிஞ்சிய இரும்பையும் கடித்துச் சீவிவிடும்.

முதலில் இறுக்கும் திசையில் மிகக் கொஞ்சம், பிறகு கழற்றும் திசையில். டிக் என்ற சத்தம் கேட்டு அசைந்ததும் தொடர்ந்து கழற்றக் கூடாது. கால் சுற்று வெளியே, அரைக்கால் சுற்று உள்ளே, மறுபடி வெளியே. பொடிந்த உப்பு மரையில் உருண்டு சேர்ந்தால் மறுபடி இறுகும். பின்னால் திருப்பும்போது அது அரைபடும். எண்ணெய் விடுவது இந்தக் கட்டத்தில்தான் பயன்படும், ஏனென்றால் இப்போதுதான் உள்ளே போக வழி திறந்திருக்கிறது. இடது போல்ட் இப்படியே முழுதாக வெளியே வந்தது.

வந்த போல்ட்டைக் குப்பையில் போடும் முன் அளக்க வேண்டும். நீளம் 25 மி.மீ., கவரின் தடிமன் 10. அதாவது ஹெட்டுக்குள் 15 மி.மீ. அடுத்த போல்ட்டில் துளை போட நேர்ந்தால் எவ்வளவு ஆழத்தில் நிறுத்துவது என்பதை இந்த அளவுதான் சொல்லும். உடல் பகுதியில் அரிப்பு எப்படி இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். இதில் கவரும் ஹெட்டும் சேரும் மட்டத்துக்குச் சற்றுக் கீழே, போல்ட் இடுப்பு ஒடுங்கியது போல மெலிந்திருந்தது. வலது போல்ட்டும் அப்படித்தான் இருக்கும் என்பதற்கு அதுவே முன்னறிவிப்பு.

வலது போல்ட்: முறிந்தது

தலை நன்றாக இருந்த போல்ட் இதுதான். அதே சூடு, அதே சுத்தி, ஆறு முனை 10 மி.மீ. பாக்ஸ், பீம் ரென்ச். முள் 11-ஐத் தொட்டதும் போல்ட் திரும்பத் தொடங்கியது. ஆனால் அந்தத் திரும்பல் ரப்பரை முறுக்குவது போல இருந்தது. பிடி விட்ட போல்ட் டிக்கென்று உடையும்; முறியப் போகும் போல்ட் சத்தமில்லாமல் குழைந்து திரும்பும். இந்த வித்தியாசத்தைக் கை உணர்ந்தால் உடனே நிறுத்தி மறுபடி சூட்டுக்குப் போக வேண்டும். நிறுத்தியும் பலனில்லை, மெலிந்த இடம் ஏற்கெனவே விட்டுப்போயிருந்தது. அடுத்த சூட்டுக்குப் பின் லேசாகத் திருப்பியபோது, ஹெட்டின் மட்டத்துக்கு 2 மி.மீ. கீழே முறிந்தது.

இப்படி மெலிந்த போல்ட்டை முழுதாக எடுக்க வழி உண்டா? தலையைத் துளைத்து வெட்டி, கவரை மட்டும் முதலில் எடுப்பது ஒரு வழி. தலை போனதும் கவர் பிடித்த பிடி போய்விடும், 10 மி.மீ. அளவுக்குப் போல்ட் கம்பாக நீட்டி நிற்கும். அதில் சூடு நேராக மரைக்கு இறங்கும், பிடிக்கவும் இடம் கிடைக்கும். இடது போல்ட்டின் இடுப்பைப் பார்த்த உடனே வலதுக்கு இந்த வழியைத் தேர்ந்தெடுத்திருந்தால் முறியாமல் வந்திருக்க வாய்ப்பு உண்டு. தலை நன்றாக இருக்கிறதே என்ற காரணத்துக்காக மட்டும் அதைத் திருப்பிப் பார்ப்பது, அரிப்புக் கண்ட எஞ்சினில் சரியான முடிவு அல்ல.

கவரை ரப்பர் சுத்தியால் பக்கவாட்டில் தட்டி எடுத்தாயிற்று. நடுவில் ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினால் சீல் உட்காரும் முகத்தில் கோடு விழும், அங்கே தண்ணீர் கசியும்.

வெல்டிங்கா, துளையா

முறிந்த போல்ட் ஹெட்டின் மட்டத்திலோ அதற்கு மேலோ நின்றால் நட்டு வைத்து வெல்டு அடிப்பதுதான் சிறந்த வழி. எம்6 கம்புக்கு எம்8 நட்டு. நட்டின் துத்தநாகப் பூச்சை முதலில் கிரைண்டரில் எடுத்துவிட வேண்டும். அந்தப் புகை உடம்புக்குக் கெடுதல், வெல்டும் நுரைத்துப் போகும். நட்டின் துளைக்குள் மிக் வெல்டிங் கம்பியை இறக்கி, கம்பின் நடுவில் ஆரம்பித்து மேலே நிரப்பிக்கொண்டு வர வேண்டும். இரும்பு வெல்டு அலுமினியத்தில் ஒட்டாது என்பது இங்கே பெரிய சாதகம். போல்ட் உள்ளிருந்தே சிவக்கச் சூடாகி, ஆறும்போது சுருங்கி, உப்பின் பிடியை உடைக்கிறது. சிவப்பு அடங்கி, கை அருகில் கொண்டுபோகும் அளவுக்கு ஆறிய பின் ஸ்பானரைப் போட்டு முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். முதல் வெல்டு பெரும்பாலும் பிய்ந்துவிடும். மனம் தளராமல் மறுபடி அடிக்கலாம், ஒவ்வொரு முறையும் சூடு தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, எர்த் கிளாம்பை அதே ஹெட்டில் அருகிலேயே பிடிக்க வேண்டும். பெட்ரோல் குழாயும் இன்ஜெக்டரும் பக்கத்தில் இருந்தால் அடிக்கவே கூடாது.

இந்த எஞ்சினில் போல்ட்டுக்கு ஒரு சாண் தூரத்துக்குள் பிளாஸ்டிக் இன்டேக்கும் இன்ஜெக்டர் வரிசையும் இருந்தன. முறிந்த இடமும் மட்டத்துக்குக் கீழே. ஆகவே துளை போடுவது என்று முடிவு.

கையால் துளை போடும்போது நடப்பது எப்போதும் ஒன்றே. முறிந்த முகம் சரிவாக இருக்கும், பிட் சறுக்கும். சறுக்கினால் அது போகும் பக்கம் மென்மையான அலுமினியம்தான். அதன் பிறகு பிட்டை நடுவுக்குக் கொண்டுவர முடியாது. இதைத் தடுக்கச் சிறந்த வழி, கழற்றிய கவரையே வழிகாட்டியாக்குவது. லேத்தில் ஒரு புஷ் (நடுவில் துளையுள்ள சிறு குழல்) கடைய வேண்டும்: வெளிவிட்டம் கவரின் துளையில் ஆடாமல் உட்காரும் அளவு, இங்கே 6.6 மி.மீ.; உள்விட்டம் 3 மி.மீ.; நீளம் கவரின் தடிமன். கவரை இடது பக்கம் ஒரு போல்ட் போட்டு நிறுத்தி, புஷ்ஷை வலது துளையில் செருகித் துளைத்தால் பிட் நகராது. இடது துளையிலும் கொஞ்சம் ஆட்டம் இருக்கும் என்பதால், அரை மி.மீ. ஆழம் துளைத்ததும் கவரை எடுத்து, புள்ளி நடுவில்தான் விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு தொடர வேண்டும். லேத் பட்டறையில் அரை மணி நேரம் காத்திருப்பது, சறுக்கிய துளையைச் சரிசெய்வதைவிட எவ்வளவோ மேல்.

தொடங்கும் முன் தண்ணீர் வழியைத் துணியால் அடைக்க வேண்டும். பிட்டில் கிரீஸ் தடவினால் இரும்புப் பொடி அதிலேயே ஒட்டிக்கொள்ளும்.

எடுத்தது கோபால்ட் கலந்த பிட், வெட்டு எண்ணெய், நிமிடத்துக்கு 1,500 சுற்றுக்குள், விட்டுவிட்டு ஆனால் அழுத்தமாக. அழுத்தமில்லாமல் உரசினால் பிட்தான் மழுங்கும். மீதமுள்ள போல்ட் 13 மி.மீ.; பிட்டில் அந்த ஆழத்துக்கு டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தத் துளைகள் அடி மூடியவை. அதையும் தாண்டித் துளைத்தால் வாட்டர் ஜாக்கெட்டுக்குள் (ஹெட்டுக்குள் தண்ணீர் ஓடும் அறை) போய்விடும் ஆபத்து இருக்கிறது.

3 மி.மீ. துளைக்குப் பிறகு 3.5, 4 என்று இடதுகை பிட்டுகள், டிரில் பின்பக்கம் சுற்றியபடி. பல வேலைகளில் போல்ட் இந்தக் கட்டத்திலேயே பிட்டைப் பிடித்துக்கொண்டு வெளியே சுற்றி வந்துவிடும். வெட்டும் விசை கழற்றும் திசையிலேயே இருக்கிறது, வெட்டும்போது எழும் சூடும் உதவுகிறது. இங்கே வரவில்லை.

இந்த இடத்தில்தான் பலர் ஈஸி அவுட் (துளைக்குள் எதிர்த் திசையில் திருகி முறிந்த போல்ட்டை இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர்) எடுக்கிறார்கள். எம்6 போல்ட்டில் அது வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. கூம்பு வடிவச் சுருள் எக்ஸ்ட்ராக்டர் உள்ளே இறுக இறுக, மெல்லியதாகிப்போன போல்ட் சுவரை வெளிப்பக்கம் விரிக்கும். ஏற்கெனவே பிடித்திருக்கும் மரை இன்னும் இறுகும். 3 மி.மீ. அளவு எக்ஸ்ட்ராக்டர் கண்ணாடி போல உடையும், உடைந்தால் அந்தக் கடின எஃகைச் சாதாரண பிட்டால் தொடக்கூட முடியாது. அதன் பிறகு கார்பைடு பர், இல்லையென்றால் மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுக்கும் ஸ்பார்க் எரோஷன் மெஷின்தான். கோயம்புத்தூரிலும் அம்பத்தூரிலும் டூல் ரூம்களில் அந்த மெஷின் உண்டு, ஆனால் ஹெட்டைக் கழற்றிக்கொண்டு போக வேண்டும். எம்10-க்கு மேற்பட்ட, துரு இல்லாமல் இறுக்கத்தால் மட்டும் முறிந்த போல்ட்டுகளில் எக்ஸ்ட்ராக்டர் நன்றாக வேலை செய்யும். அதிலும் நேர்ப் பள்ளமுள்ள வகையே மேல்.

ஆகவே துளையை 5 மி.மீ. வரை பெரிதாக்கியாயிற்று. எம்6-க்கு டேப் (மரை வெட்டும் கருவி) அடிக்கும் முன் போடும் துளையும் அதே 5 மி.மீ.தான். துளை நடுவில் இருந்தால், மிஞ்சுவது மரைக்குள் சுருண்டு கிடக்கும் மெல்லிய இரும்புச் சுருள் மட்டும். கூர்மையான கொக்கியால் அதன் நுனியைப் பிடித்து உள்பக்கம் மடித்து இழுத்தால் கம்பிச் சுருள் போல வரும். மிச்சத்தை எம்6 × 1.0 டேப், கையால், அரைச் சுற்று முன்னே கால் சுற்று பின்னே.

மரை

வந்த மரையைப் பார்த்தால் அடியில் நன்றாக இருக்கிறது, மேல் நான்கைந்து சுற்று அரித்துக் கரைந்திருக்கிறது. போல்ட் இடுப்பு மெலிந்த அதே மட்டம். அலுமினியத்தில் மரைப் பிடிப்பு விட்டத்தின் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வேண்டும், எம்6-க்கு 9 முதல் 12 மி.மீ. இங்கே சுமார் 10 கிடைக்கும். போதும் என்று விட்டுவிடலாம். ஆனால் அரிப்பால் பலவீனப்பட்ட அலுமினிய மரை 10 நியூட்டன் மீட்டரில் உரிந்து வந்தால், எல்லாம் மூடிய பிறகு மறுபடி ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டும். ஹெலிகாயில் (புது மரையாக உள்ளே ஏற்றும் எஃகுக் கம்பிச் சுருள்) போடுவதே சரி.

எம்6 ஹெலிகாயிலுக்கு 6.3 மி.மீ. துளை. அரித்த மரை அதிலேயே போய்விடும். டேப் அதனுடன் வரும் தனி அளவு. எம்7 டேப் கைவசம் இருக்கிறதே என்று அதைப் போட்டால் சுருள் உட்காராது. அடி மூடிய துளை என்பதால் முனை தட்டையான பாட்டமிங் டேப் வேண்டும். அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய் நல்ல வெட்டுத் திரவம். டேப் நேராக இறங்குகிறதா என்று முதல் இரண்டு சுற்றில் மூலைமட்டம் வைத்துப் பார்ப்பது அவசியம். அதற்குப் பிறகு திருத்த முடியாது.

துளையைக் காற்றடித்துச் சுத்தம் செய்து, 12 மி.மீ. நீளச் சுருளை மேல் மட்டத்துக்குக் கால் முதல் அரைச் சுற்று கீழே நிற்கும்படி ஏற்ற வேண்டும். மட்டத்துக்கு மேலே நின்றால் கவர் உட்காராது. அடியிலுள்ள நாக்கைத் தட்டி உடைத்தபின் அதை வெளியே எடுக்க வேண்டும். சுருள் துருப்பிடிக்காத எஃகு என்பதால் காந்தத்தை நம்ப முடியாது; கம்பி நுனியில் கிரீஸ் தடவி ஒற்றி எடுக்கலாம்.

துளையின் அடியில் எண்ணெயோ தண்ணீரோ தேங்கியிருக்கக் கூடாது. போல்ட் இறங்கும்போது திரவம் நசுங்காது, வார்ப்புதான் விரியும்.

தலை வேறு வகையாக இருந்தால்

ஆலன் தலை (அறுகோணக் குழியுள்ளது) மழுங்கினால் டார்க்ஸ் பிட்டை (நட்சத்திர முனையுள்ளது) அடித்து இறக்குவது வழி: 5 மி.மீ. ஆலனுக்கு டி30, 6 மி.மீ.க்கு டி40. குழியில் சேர்ந்த அழுக்கை ஊசியால் சுரண்டி எடுத்த பிறகுதான் அடிக்க வேண்டும், இல்லையென்றால் பிட் பாதியில் நிற்கும். பிளஸ் தலைக்குச் சுத்தியால் அடிக்கும் இம்பேக்ட் டிரைவர். நீல த்ரெட் லாக்கர் போட்டு இறுகிய போல்ட்டில் அலுமினியத்தைச் சூடாக்குவதைவிட, சாலிடரிங் அயர்னைத் தலையிலேயே வைத்துப் போல்ட்டைச் சூடாக்குவது சரி; பசை இளகியதும் சூடு ஆறும் முன்பே திருப்பிவிட வேண்டும்.

மூடுவது

கவர், ஹெட் இரண்டின் முகத்தையும் பிளாஸ்டிக் சுரண்டியால் சுத்தம் செய்து, நேர்விளிம்பு வைத்துப் பார்த்தாயிற்று. ஓ ரிங் உட்காரும் வழியில் குழி இல்லை. புது தெர்மோஸ்டாட்டைச் சுடுதண்ணீரில் போட்டு, அதன் மேல் அச்சிட்ட டிகிரியில் திறக்கிறதா என்று பார்த்த பிறகே வைக்க வேண்டும். காற்று போகும் சிறு வால்வு மேல்பக்கம்.

புது போல்ட்டுகள் எம்6 × 25, 8.8 தரம், துத்தநாகப் பூச்சு. ஹார்டுவேர் கடை ஸ்டெயின்லெஸ் போல்ட் துருப்பிடிக்காது என்று நினைத்துப் போடுகிறார்கள். போல்ட் துருப்பிடிக்காதது உண்மைதான், ஆனால் உப்புத் தண்ணீரில் அது அலுமினியத்தை இன்னும் வேகமாகக் கரைக்கும். மரையிலும் கவருக்குள் போகும் உடலிலும், போல்ட் பிடித்துக்கொள்ளாமல் காக்கும் ஆன்ட்டி சீஸ் பேஸ்ட்டை மெல்லியதாகத் தடவ வேண்டும். தடவினால் உராய்வு குறையும், அதே டார்க்கில் போல்ட் அதிகமாக இழுபடும். உலர்ந்த மரைக்கு 10 என்று மேனுவலில் இருந்தால் 8-இல் நிறுத்துவது. இரண்டையும் மாற்றி மாற்றி, இரண்டு கட்டமாக.

கூலன்ட் பாதி, மினரல் நீக்கிய தண்ணீர் பாதி. முதலில் சுத்தத் தண்ணீர் விட்டு, வண்டல் நிற்கும்வரை அலசி வடித்த பிறகு இதை நிரப்ப வேண்டும். காற்றை வெளியேற்றி, ரேடியேட்டர் மூடியில் எழுதிய அழுத்தம் வரை, இங்கே 1.1 பார், பம்பு செய்து பதினைந்து நிமிடம் முள் இறங்குகிறதா என்று பார்த்தாயிற்று. எஞ்சின் சூடாகி ஆறிய பிறகு கவரின் விளிம்பில் ஈரம் இல்லை.

அதே தண்ணீர் பட்ட போல்ட்டுகள் இந்த எஞ்சினில் இன்னும் இருக்கின்றன: வாட்டர் பம்பு, பின்பக்க வாட்டர் அவுட்லெட், ஹீட்டர் குழாய் பிராக்கெட். கூலன்ட் காலியாக இருக்கும்போதே அவற்றை ஒவ்வொன்றாக, எஞ்சின் இளஞ்சூட்டில், அரைக்கால் சுற்று தளர்த்திப் பார்க்கலாம். அசைபவற்றை எடுத்துத் துடைத்து, பேஸ்ட் தடவித் திரும்பப் போட வேண்டும். அசையாதவற்றை அப்படியே விட்டு, எவை என்று வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் எழுதி வைத்தால், அடுத்து வாட்டர் பம்பு மாற்றுபவர் சூட்டோடு தொடங்குவார்.